பீரோவுக்குப் பின்னால் ஒரு பேஷன்ட்

என் கணவர் மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர். கடை அவருடையது அல்ல. ஆனால் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும், வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "அவரு இல்லீங்களா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் இருமிக்கொண்டே திரும்பிப் போய்விடுவார்கள். எங்கள் தெருவில் அவருக்கு டாக்டர் என்றே பெயர். சாயங்காலம் அவர் வண்டியை நிறுத்தும்போதே யாராவது ஒருவர் வாசலில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு, "சூடு" என்பார். வயிற்று வலி என்றால் "கேஸ்." நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு, "இதுவும் கேஸ்தான்" என்பார்.

பெரும்பாலும் சரியாகியும் விடும். மனிதர்களுக்கு வருகிற பாதி வியாதி சும்மா விட்டாலே போய்விடும் என்று எங்கள் மகள் சொல்வாள். அவர் காதில் விழாமல்தான் சொல்வாள்.

நான் பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறேன். முந்தானை ஓரத்தில் வரிசையாகத் தொங்குமே, அது. கல்யாணச் சீசனில் கடைக்காரர்கள் புடவைகளைக் கட்டுக் கட்டாக அனுப்பிவிடுவார்கள். கூடத்து ஜன்னல் ஓரம் என் இடம். புடவையின் நிறத்துக்கே ஒத்துப்போகிற பட்டு நூலைத் தேடி எடுத்து, வெட்டி, முடிச்சுப் போட்டு, மறுபடி வெட்டி, அப்படியே பொழுது போகும்.

பூனை மகளால் வந்தது. அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு தீபாவளிக்கு வரும்போது சாப்பாட்டுப் பையில் ஒரு குட்டியை வைத்து பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டாள். "ஒரு வாரம் பாத்துக்கோம்மா, வேற எடம் பாத்துட்டு எடுத்துகினு போறேன்" என்றாள். அந்த வேற இடத்தை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பெயரும் அவளே வைத்தாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்துத் தெருவில் ரிட்டையரான தாசில்தார் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் நாங்கள் பூனை என்றே கூப்பிடுகிறோம். அது வருகிறது.

வருகிறது என்றேன். வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வரவில்லை.

அன்று ஏரிக் கெண்டை வாங்கியிருந்தேன். நான் மீன் கழுவ உட்கார்ந்தால் பூனை என் பாதத்தின் மேலேயே வந்து நின்றுகொள்ளும். செதில் சீவுகிற சத்தம் கேட்டால் மொட்டை மாடியிலிருந்துகூட இறங்கி வரும். அன்று மீனைக் கழுவி, மஞ்சள் தடவி வைத்தும் பாதத்தில் பாரம் இல்லை. கூப்பிட்டேன். வரவில்லை. தேடிக்கொண்டு போனால், படுக்கை அறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கை நுழைகிற இடைவெளியில், அடைகாக்கிற கோழி போல முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாயோரம் எச்சில் கோடாக இறங்கியிருந்தது. ஒரு துண்டு மீனை உள்ளே நீட்டினேன். மூக்கைக் கூடக் கிட்டே கொண்டுவரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தது போல, பூனை வெளியே வந்து, வாசலில் அவர் விட்டிருந்த செருப்பின் மேல் மஞ்சளாக நுரையோடு வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

அவர் குனிந்து செருப்பை உற்றுப் பார்த்தார்.

"பித்தம்" என்றார்.

சாயங்காலம் கடையிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சும், ரோஸ் கலரில் ஒரு கேஸ் மருந்தும் வந்தன. நான் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதன் கன்னத்து ஓரத்தில் சிரிஞ்சை வைத்து, கடையில் குழந்தைகளைப் பார்த்துச் சொல்வது போலவே, "ஆ காட்டு கண்ணு, ஸ்வீட்டா இருக்கும்" என்றார். பூனை ஆ காட்டியது. மருந்து போனது. ஒரு கணம் எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது போலத்தான் இருந்தது. அப்புறம் பூனை தலையை ஒரு உதறு உதறியது. ஷாம்பு நுரை மாதிரி ரோஸ் நுரை அவர் சட்டையிலும் மூக்குக் கண்ணாடியிலும் சுவரில் தொங்கிய காலண்டரிலும் தெறித்தது.

"கொஞ்சம் உள்ள போயிருக்கும்" என்றார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அது போதும்."

போதவில்லை. மறுநாள் காலையிலும் அது தண்ணீர் கிண்ணத்தின் பக்கமே வரவில்லை. அது ஒன்றுக்குப் போகிற மண் தட்டில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. வாந்தி மட்டும் இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. எதிர்வீட்டு அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். அவள் ஆடு வளர்க்கிறவள். தெருவில் நாலு கால் பிராணி எதுவானாலும் அவள் கருத்துச் சொல்லாமல் விடமாட்டாள். பீரோ இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு பட்டுகீதும்மா. எப்பிடி மொழுமொழுன்னு இருந்துச்சு. போற வர்றவனெல்லாம் பாத்துகினு தானே போறான்?"

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து பீரோவைச் சுற்றினாள். பூனையைச் சுற்ற முடியாததால் பீரோவுக்கே திருஷ்டி கழிந்தது. மிளகாயை அடுப்பில் போட்டதும் கமறல் தாங்காமல் அவளும் நானும் வாசலுக்கு ஓடி வந்து இருமினோம். பூனை மட்டும் உள்ளே அசையாமல் இருந்தது. அது இருமியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப கண்ணு இல்ல" என்றாள் அக்கா கண்ணைத் துடைத்தபடி. "வயிறு கட்டிகினு கீது. ஒரு ஸ்பூன் வெளக்கெண்ண ஊத்து. என் கெடாக்குட்டிக்கு அதான் ஊத்துவேன்."

விளக்கெண்ணெய் பாட்டிலோடு அவள் திரும்பி வருவதற்குள் என் கணவர் தன் பங்குக்கு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பூனையின் காதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், சுட்டிருக்கிறது. காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பிரித்து, கத்தியால் பாதியாக்கி, பாதியைக் கால் ஆக்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் மகள் வீடியோ கால் போட்டாள். அவள் தினமும் காலையில் போடுவாள். எங்களைப் பார்க்க அல்ல. "கேமராவ அது பக்கம் திருப்பும்மா" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். முந்தின நாள் அவளுக்கு வேலை அதிகம், பேசவில்லை. நானும் அவளைப் பதறவைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது திருப்புவதற்குப் பூனை இல்லை. பீரோவைத்தான் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பாவின் உள்ளங்கை கேமராவில் தெரிந்துவிட்டது.

"அப்பா, கையில இன்னா அது?"

"காய்ச்சல் மாத்திரதான். கால் பங்கு. பாராசிட்டமால்."

"கீழ வை! அப்பா, மொதல்ல அத கீழ வை!"

அவள் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த போனே கீழே விழப் பார்த்தது. அது பூனைக்கு விஷம் என்றாள். கால் மாத்திரையே போதும், ஆளை முடித்துவிடும் என்றாள். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"கைக்கொழந்தைக்கே குடுக்கறோம்டா" என்றார்.

"அது கொழந்த இல்லப்பா, பூனை. அதுக்கு ஒடம்பே வேற. அம்மா, நீ போன அவருகிட்ட குடுத்துட்டு, பூனைய வெளிய எடு. மேல் உதட்டத் தூக்கி ஈறப் பாரு. என்ன கலர்ல இருக்கு?"

பிடித்து வெளியே எடுத்தேன். மற்ற நாளாக இருந்தால் கையைக் கிழித்திருக்கும். அன்று துணி மூட்டை மாதிரி வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கலர் சொல்லச் சொன்னால் எனக்குத் தயக்கம் இருக்காது. என் பிழைப்பே அதுதானே.

"வெங்காயக் கலருக்கும் சந்தனத்துக்கும் நடுவுல இருக்குடி. எப்பவும் தாமரைல இருக்கும்."

"அம்மா, புடவ வாங்கல. வெளுத்திருக்கா, இல்லியா?"

"அதான் சொல்றேனே. ஒரு ஷேடு கொறைஞ்சிருக்கு. தொட்டா பிசுக்குன்னு ஒட்டுது."

"தண்ணியே இல்ல ஒடம்புல" என்றாள். அவள் குரல் மாறிவிட்டது. "வாயத் தொறந்து நாக்குக்கு அடியில பாரு. ஏதாவது மாட்டிகினு இருக்கான்னு."

அவர் தன் போனில் டார்ச் அடித்தார். வாயை இலேசாகத் திறந்து, நாக்கை ஒதுக்கினேன். நாக்கின் அடிவேரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது. முதலில் நரம்பு என்று நினைத்தேன். நரம்பு மயில்கழுத்து நிறத்தில் இருக்காது.

அந்த வாரம் நான் கட்டிக்கொண்டிருந்தது மயில்கழுத்துப் புடவைக்குத்தான்.

"நூலுங்க" என்றேன். "என்னோட நூலு."

"தோ, இவ்ளோதானா" என்று அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு வழியாக வியாதி கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் எட்டுகிறது. விரலை நீட்டினார். "அப்பிடியே புடிச்சி இழுத்துட்டா ஆச்சு."

மகள் போனிலிருந்து, "இழுக்காத!" என்று கத்தினாள். அதே நேரத்தில் நானும் அவர் கையைத் தட்டிவிட்டேன். மகள் எங்கேயோ படித்திருந்தாள். நான் எங்கேயும் படிக்கவில்லை. ஆனால் நூல் ஓடிய துணியில் ஒரு முனை மாட்டியிருக்க, மறுமுனையை இழுத்தால் துணி என்னாகும் என்று எனக்குத் தெரியும். அப்படியே சுருங்கிக் கொசுவமாகிவிடும். முரட்டுத்தனமாக இழுத்தால் கிழிந்துவிடும். உள்ளே இருப்பது துணி அல்ல, குடல்.

அக்கா விளக்கெண்ணெயோடு வாசலில் வந்து நின்றாள். "வேணாங்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு வருத்தம்தான்.

பூனையைக் கொண்டுபோக எங்களிடம் எதுவும் இல்லை. துணி போடுகிற பிளாஸ்டிக் கூடை இரண்டு இருந்தது. ஒன்றில் பழைய துண்டை விரித்துப் பூனையை வைத்து, இன்னொன்றை மேலே கவிழ்த்து, புடவைக் கட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கயிற்றால் சுற்றிக் கட்டினோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் தெரிந்தவர்கள், "இன்னாங்க, கோழியா?" என்று கேட்டார்கள். இவர் ஒருவரையும் விடாமல், "இல்லீங்க, பேஷன்ட்" என்று பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மாட்டாஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடியில் கும்பல். இரண்டு மூன்று பசு, ஏகப்பட்ட ஆடு, கையில் ஒரு சேவலைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஒரு பெண். பூனை என்று எங்களுடையது ஒன்றுதான். களம்பூர்ப் பக்கத்திலிருந்து மினி லாரியில் பசுவை ஏற்றி வந்திருந்த ஒருவர் கூடைக்குள் குனிந்து பார்த்தார்.

"இத்தினியூண்டுக்கு ஆஸ்பத்திரியா? இது கறக்குமா, உழுவுமா?"

"வீட்ல இருக்குதுங்க, அவ்ளோதான்" என்றேன்.

"அப்ப சரி. நானும் அப்பிடித்தான் எங்க வீட்ல கீறேன்" என்றார்.

அவர் சிரித்த சிரிப்பில் பசு தலையை ஆட்டியது, கூடையின் மேல் மூச்சு விட்டது. அவ்வளவு நேரம் மூட்டை மாதிரி கிடந்த பூனைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ. ஒரு எம்பு எம்பியது. என் கணவர் கட்டிய முடிச்சு அவிழ்ந்தது. முடிச்சு என் தொழில், நானே கட்டியிருக்க வேண்டும். மேல்கூடை பறந்தது. பூனை என் தோளில் ஒரு கால், அந்த ஆள் தோளில் ஒரு கால் வைத்து, பசுவின் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆடுகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. பசு மட்டும் ஒன்றும் நடக்காதது போல அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ஆட்டாதீங்க, மாட்ட ஆட்டாதீங்க!" என்று என் கணவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பசுவைச் சுற்றி வந்தார்.

"நான் எங்கங்க ஆட்றேன்? அது நின்னுகினுதான் கீது. உங்க பூனைய இறங்கச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். இளம்பெண், முழங்கை வரை உறை போட்டிருந்தார். பசுவையும் அதன் மேல் இருந்த பூனையையும் பார்த்தார். ஒரு துண்டை வாங்கி, பின்பக்கமாகப் போய், பூனையின் மேல் போட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

மேஜையில் வைத்து வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பூனை பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது.

"எப்பலேருந்து சாப்பிடல?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ஆரம்பித்தார். "மேடம், நேத்து மார்னிங்லேருந்து அப்பிடைட் இல்ல. வாமிட்டிங் இருக்கு, லூஸ் மோஷன் இல்ல. ஒடம்பு லைட்டா டெம்பரேச்சர். நான் அசிடிட்டின்னு டயக்னோஸ் பண்ணி ஆன்டாசிட் ஸ்டார்ட் பண்ணேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "சார் நீங்க டாக்டருங்களா?"

வாசலில் சேவலோடு நின்ற பெண் முதற்கொண்டு எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மெடிக்கல்ல இருக்கேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மெடிக்கல் ஷாப்ல" என்றார்.

"வேற என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல மேடம். ஒரு பாராசிட்டமால் கையில வெச்சிருந்தேன். பொண்ணு வேணான்டுச்சு."

"பொண்ணுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க. குடுத்திருந்தா ரத்தமே கெட்டுப்போயிருக்கும். எண்ணெ ஏதாவது ஊத்துனீங்களா?"

"பாட்டில் வாசல் வரைக்கும் வந்துச்சுங்க" என்றேன்.

நூல் விஷயத்தையும் சொன்னேன். டாக்டர் பூனையின் நாக்கைத் தூக்கிப் பார்த்து, சின்னக் கத்தரியால் நாக்கடியில் மாட்டியிருந்த வளையத்தை மட்டும் வெட்டிவிட்டார். தோலுக்கு அடியில் குளுக்கோஸ் தண்ணீர் மாதிரி ஏதோ ஏற்றினார். ஏற்றிக்கொண்டே பேசினார். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொண்டு, மீதி நூல் குடலுக்குள் போயிருக்கிறது; குடல் அதைத் தள்ளத் தள்ளத் தானே நூல் மேல் சுருக்கம் சுருக்கமாக ஏறிக்கொள்ளும் என்றார். நான் தலையாட்டினேன். கொசுவம்.

"இங்க ஸ்கேன் பண்ண முடியாது. வேலூருக்கு எழுதித் தர்றேன். இன்னிக்கே போங்க. நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க."

"நேத்தே வந்திருக்கணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"பூனை வலிய காட்டிக்காதும்மா. ஒளிஞ்சிக்கும், அவ்ளோதான். ஒரு வாட்டி வாந்தி எடுத்துட்டு திரும்ப ஓடியாடி சாப்ட்டுச்சுன்னா பரவால்ல, விட்டுடலாம். வாந்தி எடுத்துகினே இருந்து, மூலையில போய் உக்காந்து, ஒரு நாளு முழுக்க வாயில ஒண்ணும் வெக்கலன்னா, அப்புறம் பித்தமா கேஸான்னு வீட்ல யோசிக்கக்கூடாது. தூக்கிகினு வந்துடணும்."

என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசிப் போஸ்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வேலூருக்குத் தெருமுனை டிரைவரின் காரில் போனோம். இந்த முறை கூடையை நான் கட்டினேன். கண்ணமங்கலம் தாண்டும் வரை கார்க்காரர் சீட்டைப் பற்றிக் கவலைப்பட்டார். அப்புறம் பூனையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்து, ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் மெதுவாக ஏற்றி இறக்கினார். என் கணவர் வழி முழுவதும் கூடையின் ஓட்டை வழியாக ஒரு விரலை உள்ளே விட்டு வைத்திருந்தார். பூனை அந்த விரலின் மேல் தாடையைச் சாய்த்திருந்தது.

அங்கே எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேனில் டாக்டர் காட்டினார். குடல் பாவாடை நாடா இழுத்த மாதிரி சுருங்கி நின்றது. ஆபரேஷன்தான் என்றார்கள். ஒரு நர்ஸ் கையில் அட்டையோடு வந்து என் கணவரிடம், "கடைசியா எப்ப சாப்பாடு?" என்று கேட்டார்.

"காலைல ரெண்டு இட்லி" என்றார் இவர்.

நர்ஸ் எழுதிவிட்டார். எழுதின பிறகு, "பூனை இட்லியா சாப்ட்டுச்சு?" என்றார்.

"இல்லம்மா, நான்."

கையெழுத்து வாங்கும்போது மயக்க மருந்தின் ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவர் கடையில் விற்காத மருந்தே இல்லை, அதன் பக்க விளைவுகளை ஊருக்கெல்லாம் சொல்கிறவர். அன்று கேட்டுக்கொண்டே இருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, உட்காரவில்லை, சரிந்துவிட்டார். பெஞ்சில் ஏற்கனவே காலில் கட்டுப்போட்ட ஒரு லாப்ரடார் படுத்திருந்தது. அதன் சொந்தக்காரர்கள் நாயை நகர்த்தி இவரைப் படுக்க வைத்தார்கள். பிராணிகளைப் பார்க்கிற ஓர் உதவியாளர் ஓடிவந்து, பழக்க தோஷத்தில், இவர் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார்.

"வெளுத்திருக்கு. சர்க்கரத் தண்ணி குடுங்க" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண் விழித்தவர் முதலில் கேட்டது, "நாக்கு பாத்தாங்களா?" என்பதுதான்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் நூலைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு முழத்துக்கும் மேல் இருந்தது. நிறம் கொஞ்சம்கூட மங்கவில்லை. குடல் எங்கேயும் கிழியவில்லை, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். நான் கை கூப்பினேன். என் கணவர் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்ல சாயம்" என்றார்.

பூனை கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு வீடு திரும்பியது. புனல் கதவில் இடிக்கும், கட்டில் காலில் இடிக்கும், இடித்த இடத்திலேயே நின்று எங்களை முறைக்கும். அதைவிடப் பெரிய பாடு மாத்திரை. வேளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. ஊருக்கெல்லாம் கவர் மேல் அதையே எழுதிக் கொடுக்கிறவர், "இத நான் பாத்துக்கறேன்" என்று பொறுப்பு எடுத்துக்கொண்டார். துண்டில் சுற்றுவார், வாயைத் திறப்பார், போடுவார், தொண்டையைத் தடவுவார். பூனையும் விழுங்கிவிட்டு நாக்கால் மூக்கை நக்கும். "பாத்தியா, தடவற எடத்துல தடவணும்" என்பார் என்னிடம். அந்த வார வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதற்குக் கால்மிதியைத் தூக்கினேன். அவர் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் அங்கே இருந்தன. ஈரமாகி, உலர்ந்து, ஒன்றுகூடக் குறையாமல்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இந்தக் கம்பெனி மாத்திரை கசப்பு ஜாஸ்தி" என்றார்.

டாக்டருக்குப் போன் செய்து கேட்டோம். பொடித்து மீனில் பிசைந்து கொடுக்கலாம் என்றார். அதிலிருந்து ஒழுங்காகப் போனது. புண் காய்ந்தது. ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், பாதத்தின் மேல் பாரம் ஏறியது. புனல் என் முழங்காலில் இடித்தது. நான் கழுவுவதை நிறுத்திவிட்டு ஒரு துண்டு மீனைப் புனலுக்குள் நீட்டினேன்.

நூலை இப்போது மூடி போட்ட டப்பாவில்தான் வைக்கிறேன். வெட்டிய துண்டுகளுக்குத் தனியாக இன்னொரு டப்பா. பூனை அந்த மூடிகளின் மேல் தூங்குகிறது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், எதிர்வீட்டு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். நல்லவேளை இவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவளுடைய பெட்டை ஆடு எங்கேயோ அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டதாம், வயிறு பானை மாதிரி ஆகிவிட்டதாம். "ஒரு கேஸ் மருந்து குடு டாக்டரே, ஜல்தி."

இவர் சோற்றுக் கையோடு எழுந்தார். நான் ரோஸ் பாட்டிலை எதிர்பார்த்தேன்.

"அச போடுதா?"

"இல்ல."

"எடது பக்கம் தட்டுனா மேளம் மாதிரி கேக்குதா? மூச்சு எப்பிடி வுடுது?"

"நாக்க வெளிய தள்ளிகினு வுடுது."

"அப்ப இங்க நின்னுகினு இன்னா பண்ற? ஆட்டோவுல ஏத்து. மாட்டாஸ்பத்திரிக்குப் போ. நான் மருந்து தரமாட்டேன்."

தெருவில் முதல் தடவையாக அவர் ஒருவருக்கு மருந்து இல்லை என்று சொன்னார். அக்கா திகைத்துப் போனாள். ஆனால் போனாள். டாக்டர் வயிற்றில் குழாய் விட்டுக் காற்றை இறக்கினாராம். ஆடு மறுநாளே எங்கள் செம்பருத்தியைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் அந்த ஆட்டை மறுபடி காட்டப் போய்விட்டு வந்த அக்கா, என் ஜன்னலில் வந்து நின்று, "உங்க பூனைக்கு இப்ப எப்பிடிகீதும்மா?" என்று கேட்டாள்.

"அதுக்கு ஒண்ணும் இல்லியேக்கா. நல்லாத்தான் இருக்கு."

"அப்பிடியா? உங்க வீட்டுக்காரரு மடியில கூடைய வெச்சுகினு ஆஸ்பத்திரில உக்காந்துகினு இருந்தாரே. என்னைப் பாத்து மொகத்தத் திருப்பிகினாரு."

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தபோது நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், அவசரம் என்று கதவுக்கு வெளியிலிருந்து சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போயிருந்தார். பூனை மாடியில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இரவு சாப்பாடு போடும்போது கேட்டேன்.

"பூனைக்கு இன்னாங்க ஆச்சு?"

சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தும்முச்சு" என்றார்.

"எத்தினி வாட்டி?"

"காலைல நான் கெளம்பறப்ப தெனமும் தும்முது. ஒரு வாரமா பாத்துகினு இருக்கேன். நீ கவனிக்கல."

"சாப்பிடுதில்ல? ஓடுதில்ல? மூக்கு ஒழுகுதா?"

"சாப்பிடுது. ஓடுது. ஒழுகல."

"அப்புறம் ஏன் போனீங்க?"

"நீ இன்னா டாக்டரா?" என்றார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் வாயிலிருந்து வாங்க மோர்சாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்டர் பூனையைத் தலை முதல் வால் வரை பார்த்துவிட்டு, மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் பூனையை விட்டுவிட்டு இவர் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாராம்.

"பூனைக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க பவுடர் போடறத கொஞ்சம் கொறைச்சுக்கோங்க" என்றாராம்.

குறைக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தினமும் காலையில் பவுடர் டப்பாவையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய், வண்டியின் சீட்டில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தெருவில் நின்றே போட்டுக்கொள்கிறார். பூனை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து அதை முழுவதும் பார்க்கிறது. தும்முவதில்லை.